மலைவழியும் மழைநீரும்

தமிழில் ஆறு என்னுஞ் சொல் இருபொருள் தருவது. நீர் ஓடும் நதியும் ஆறு. மாந்தர் நடக்கும் வழியும் ஆறு. பரிசில் பெற்ற கலைஞர் பெறாதாரை வள்ளலிடம் வழிப்படுத்தும் நூலை ஆற்றுப்படை என வழங்குவது இப் பிற்பொருள் பற்றியே. சமவெளியில் இவ்விரண்டும் வெவ்வேறாய்க் கிடக்கும். மலைச்சரிவிலோ, மனிதன் வகுத்த வழியை மழைநீர் தன் வழியாக்கிக்கொள்ள எப்பொழுதும் முயலும். அம் முயற்சிக்கு இடங்கொடாத வழி நிலைக்கும். இடங்கொடுத்த வழி சில ஆண்டுகளில் ஓடையாகிவிடும். மலைக்காடுகளில் மிதிவண்டி ஊர்வதற்கென இக்காலத்தார் அமைக்கும் பாதைகளைக் கொண்டு இவ்வுண்மையை விளக்குதலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் எமக்கு மலைவழியைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். எம் ஊராகிய தோணிரேவில் மலையுமில்லை, காடுமில்லை. ரேவு என்பது தோணி அணையும் துறை. ஊர்ப்பெயரே ஊரார் தொழிலைச் சொல்லும். எனினும், மேற்கேயுள்ள மலைகளிற் பிறக்கும் ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பொன்னேரிப் பக்கங்களைக் கடந்து எம் ஏரியை நாடி வருகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது கொணரும் கலங்கல் நீரில் மலைமண்ணும் வயல்மண்ணும் கலந்துள்ளன. ஆதலின், மேட்டில் மண் எவ்வாறு பெயர்கின்றது என்பது பள்ளத்தில் வாழ்வோரும் அறியத்தக்க செய்தியே.

மலைவழியின் இயல்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயரும் உடையது. பெருங்கௌசிகனார் 583 அடிகளில் நன்னனைப் பாடிய அந்நூல், அவனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு, புனங்காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல், நீர்பட்டு வழுக்கும் இடம் ஆகியன அவ்விடர்களுட் சில. மலையில் நடப்போன் நிலத்தையும் நீரையும் விலங்கையும் அங்கு வாழும் மக்களையும் ஒருங்கே கருதவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். இந் நான்கையும் கருதாது வகுக்கப்பட்ட பாதை இன்றும் நன்மை பயப்பதில்லை.

இனி, மலை மிதிவண்டியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவிலுள்ள டாமல்பயஸ் மலைப்பகுதியில், 1970-களில் இளைஞர் சிலர் பருத்த டயர்களையுடைய பழைய வண்டிகளை மேலேற்றி, தீத்தடுப்புக்காக வெட்டிய கரட்டுப் பாதைகளில் விரைந்திறங்கி மகிழ்ந்தனர். அங்கு 1976-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு போட்டி தொடங்கியது. செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கரத்தின் பிரேக்கு கொதித்து, உள்ளிருந்த கிரீசு புகைந்துபோகும். ஒவ்வோர் இறக்கத்திற்குப் பின்னும் அதனைப் புதிதாக அடைக்க வேண்டியிருந்தது. அதனால் அப்போட்டிக்கே ‘ரீபேக்’, அதாவது மீண்டும் அடைத்தல், என்ற பெயர் வாய்த்தது. 1977-இல் ஜோ பிரீஸ் என்பார் இத்தகைய ஓட்டத்திற்கென்றே ஒரு சட்டகத்தை அமைத்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்களில் மலை மிதிவண்டியோட்டமும் இடம்பெற்றது. நம் நாட்டில் நீலகிரியைச் சுற்றி 2008-இல் தொடங்கிய மிதிவண்டிப் பயணம் பெரும்பாலும் தார்ச்சாலையைப் பற்றியது. காட்டு மண்பாதையின் இயல்போ வேறு.

அம் மண்பாதையை அமைக்கும் முறை யாது? மலைச்சரிவில் ஒரு குடம் நீரைக் கவிழ்த்தால் அஃது எவ்வழியே நேரே இறங்குமோ, அவ்வழியே பாதை வகுத்தல் முதற்பெருங் குற்றம். அங்ஙனம் வகுத்தால், பாதையுட் புகுந்த நீர் வெளியேற வகையின்றி, வேகம் மிகுந்து, மண்ணை அரித்துச் செல்லும். சக்கரம் பதிந்த தடம் வாய்க்காலாகும், வாய்க்கால் பள்ளமாகும். பள்ளத்திற்கு அஞ்சி ஓரமாகச் செல்வோர் இருபுறத்துப் புல்லையும் மிதித்தழிப்பர்.

இதனைத் தவிர்க்கப் பாதை வகுப்போர் மூன்று முறைகளைக் கைக்கொள்வர். முதலாவது, பாதை மலையின் இடுப்பைச் சுற்றிய கச்சையைப்போலக் குறுக்காகச் செல்லவேண்டும்; அதன் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்திற் பாதிக்கு மேற்படலாகாது. நூறடித் தொலைவில் இருபதடி உயரும் சரிவாயின், பாதை பத்தடிக்குமேல் உயர்தல் கூடாது. இரண்டாவது, பாதையின் மேற்பரப்பு பள்ளத்தாக்கின் பக்கமாகச் சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும். அப்பொழுது மேலிருந்து வரும் நீர் பாதையின்வழி ஓடாது, மெல்லிய விரிப்பைப்போல அதனைக் குறுக்கே கடந்து செல்லும். மூன்றாவது, இறங்கும் பாதை இடையிடையே சிறிது ஏறி மீண்டும் இறங்கவேண்டும். அவ்வாறு தாழ்ந்த இடந்தோறும் நீர் வெளியேறிவிடும். கொல்லிமலைச் சாலை 70 கொண்டையூசி வளைவுகளோடு அமைந்திருப்பதும், குத்துயரத்தை நீண்ட தொலைவிற் பரப்பி ஏற்றத்தைக் குறைத்தற்கேயாம்.

வண்டிச்சக்கரந்தான் மலையை அழிக்கின்றது என்பாரும் உளர். மொன்டானா மலைப்பாதைகளைப் பற்றி 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, குதிரைக் குளம்பும் மனிதர் காலடியும் மிதிவண்டிச் சக்கரத்தினும் மிகுதியாக மண்ணைப் பெயர்த்தன என்று காட்டியது. இதனால் சக்கரம் குற்றமற்றது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. ஈரமண்ணில் ஊர்தலும், பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தை இழுத்துச் செல்லுதலும் பெருங்கேடு விளைப்பன. குற்றம் வண்டியைச் சார்ந்ததினும், வழியை வகுத்த முறையையும் ஊர்வோன் ஒழுக்கத்தையும் சார்ந்தது என்பதே தெளிவு.

மேலும், ஒரு வழியைப் பலர் நாடும்பொழுது பிணக்கு எழுதல் இயல்பு. அமெரிக்காவின் வட கரோலினாவில் சாலி என்னுமிடத்தில் குதிரையோர்க்கும் மிதிவண்டியோர்க்கும் நாள் முறைவைத்துப் பாதைகளைப் பகுத்தளித்துள்ளனர். இச் செய்தி எம் ஊர்ப் பக்கத்தார்க்குப் புதிதன்று. பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பாட்டில் உரிமை பெறாதார்க்கு மனக்குறை உண்டு என்பதையும் மறைத்தலாகாது. பங்கிடுமுன், பங்குக்கு உரியார் யாவர் என்று வினவுதல் வேண்டும். மலைக்காட்டிலும் அவ்வாறே. இன்று விளையாட்டிற்கு உதவும் ஒற்றையடிப்பாதைகள் பல, தேனுக்கும் விறகுக்கும் சென்ற மலைவாழ் மக்களின் காலடியில் உண்டானவை. அவர்தம் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. அவரைக் கேளாது வகுக்கும் பாதை, மண்ணை அரியாவிடினும் நீதியை அரிக்கும்.

விலங்கினையும் தீயினையும் மறத்தலாகாது. நடப்போன் மெல்லச் செல்வதால் யானை அவனை அறிந்து ஒதுங்க நேரமுண்டு. மிதிவண்டியோ ஓசை குறைந்து விரைந்து வந்து, வளைவில் திடுமென எதிர்ப்படும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் காட்டுத்தீயால் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை நாடறியும். வனத்துறையின் இசைவின்றிக் காடு புகலாகாது என்னும் விதியை இன்பத்திற்குத் தடை என எண்ணாது, உயிர்க்கு வேலி என எண்ணுதலே அறிவுடைமை.

எம் ஏரி ஆண்டுதோறும் மேடிட்டு வருகின்றது. கடலலை முகத்துவாரத்தில் மணலைக் குவித்தலும், ஆறுகள் வண்டலைக் கொணர்தலும் அதற்குக் காரணங்கள். மலைப்பாதைகளே இதனைச் செய்தன என்பது மிகையுரையாகும். ஆயினும், முகத்துவாரம் அடைபட்டால் மீன்வரத்துக் குறையும் என்பதை எம் ஊர்ச் சிறுவரும் அறிவர். நீருக்கு உரிய வழியை நாம் விடாவிடின், அது நமக்கு உரிய வழியை எடுத்துக்கொள்ளும் என்பதே அதன் பொருள். மலையிற் பாதை வகுப்போர்க்கும் ஏரியில் வலை வீசுவோர்க்கும் இவ்வொரு பாடமே பொது. நீரின் ஆறு அறிந்து நம் ஆற்றை அமைப்போமாக.