பவுச்சின் மூலை ஏன் மடங்குகிறது?

கேள்வி: நவராத்திரித் தாம்பூலத்தோடு கொடுக்க 50 ஜிப் பவுச் தைத்துத் தரச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. அமெரிக்கப் பேட்டர்ன் ஒன்றை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, அதில் சொன்னபடியே 8 அங்குல ஜிப் வாங்கி மாதிரிக்கு ஒன்று தைத்தேன். ஜிப் முடியும் இரண்டு மூலைகளும் உள்ளே மடங்கி முண்டாக நிற்கின்றன, ஊசியும் உடைந்தது. எங்கே தவறு? துணி, ஜிப் எவ்வளவு வாங்க வேண்டும்?
- வாசகி, திருமுல்லைவாயல்

பதில்: கோளாறு உங்கள் கையில் இல்லை, பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். அமெரிக்கப் பேட்டர்ன்கள் 8½ × 11 அங்குலத் தாளுக்கு வரையப்படுபவை. நம் கடைகளில் இருக்கும் ஏ4 தாளின் அகலம் ஏறக்குறைய 8¼ அங்குலம்தான். தாளுக்குள் அடங்கட்டும் என்று கணினி படத்தைச் சுமார் 3 சதவீதம் சுருக்கிவிடும். 9 அங்குலத் துணி 8¾ ஆகிறது. இரு ஓரத்திலும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் மிச்சம் 7¾. ஜிப்போ 8 அங்குலமாகவே இருக்கிறது! அதன் பல்லும் முனையில் உள்ள உலோகப் பிடியும் ஓரத் தையலுக்குள் மாட்டிக்கொள்கின்றன. ஊசி உடைவதும் மூலை முண்டாவதும் அதனால்தான். பேட்டர்னில் அளவு பார்க்க 1 அங்குலக் கட்டம் ஒன்று இருக்கும். பிரின்ட் எடுத்ததும் அதை ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

உண்மையில், நீள்சதுரப் பவுச்சுக்குப் பேட்டர்னே வேண்டாம். 9 × 6 அங்குலத்தில் மேல்துணி இரண்டு, லைனிங் இரண்டு வெட்டினால் 8 × 5½ அளவில் பவுச் கிடைக்கும். ரோல் ஜிப்பில் 7½ அங்குலம் வெட்டி, முதலில் ரன்னரைக் கோத்துவிடுங்கள். பிறகு இரு முனையிலும் மடித்த துணித்துண்டைக் கால் அங்குலம் ஏற்றித் தைத்து, மொத்த நீளத்தை 9 அங்குலமாக்குங்கள். இனி ஓரத் தையலில் அகப்படுவது துணி மட்டுமே, பல் அல்ல.

மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே ஜிப்பை வைத்து, ஒற்றைக்கால் ஃபுட் போட்டு, கால் அங்குலத்தில் தையுங்கள். திருப்பி இஸ்திரி போட்டு, ஜிப்பை ஒட்டி மேல்தையல் ஒன்று போட்டால் ரன்னரில் லைனிங் சிக்காது. சுற்றுத் தையலுக்கு முன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மூடியிருந்தால் பவுச்சைத் திருப்பவே முடியாது. முனைத் துண்டுகள் லைனிங் பக்கம் சாய்ந்திருக்கட்டும். லைனிங்கின் அடியில் 3 அங்குலம் விட்டு, திருப்பிய பின் அதை மூடுங்கள்.

50 பவுச்சுக்கு மேல்துணி 100 துண்டு, லைனிங் 100 துண்டு. துவைத்து இஸ்திரி போட்ட பிறகும் பன்னா 42 அங்குலம் இருந்தால் அகலத்தில் 7 துண்டு விழும். மேல்துணி 4 மீட்டர், லைனிங் 4 மீட்டர் போதும். யானை, மயில் போல மேல் கீழ் பார்த்து வெட்ட வேண்டிய அச்சு என்றால் அகலத்தில் 4 துண்டுதான் வரும். மேல்துணியை 4¼ மீட்டராக வாங்குங்கள். ரோல் ஜிப் 10 மீட்டர், 3-ஆம் நம்பர் போதும். 5-ஆம் நம்பர் பெரிய பைகளுக்கு. ரன்னரில் ஐந்தாறு கூடுதலாக இருக்கட்டும்.

ஒவ்வொன்றாகத் தைத்து முடிக்காதீர்கள். உங்கள் பக்கத்து அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களில் ஒருவரே முழுச் சட்டையும் தைப்பதில்லை. ஒருவர் காலர், இன்னொருவர் கை என்று வேலை பிரிந்து போகும். நீங்களும் 50 ஜிப்புக்கும் முனைத்துணி, அடுத்து 50-க்கும் ஜிப் தையல், கடைசியில் சுற்றுத் தையல் என்று போனால் ஃபுட்டையும் நூலையும் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. அளவும் ஒரே சீராக வரும். புது அளவில் ஒன்று தைத்து, ஆர்டர் கொடுத்தவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே மொத்தத் துணியில் கத்தரி வையுங்கள்.