சூளையும் சுண்ணாம்பும்

மட்கலம் சுடும் சூளையை நீங்கள் கண்டிருக்கலாம். அதனுள் நடுவே அடுக்கிய கலத்துக்கும் ஓரத்தே அடுக்கிய கலத்துக்கும் வெப்பம் ஒரே அளவாகச் சென்று சேர்வதில்லை. 1953ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் இனா என்னும் ஓட்டுத் தொழிற்சாலையை வருத்திய இடரும் இதுவே. தரையிலும் சுவரிலும் பதிக்கும் ஓடுகளுள், அடுக்கின் வெளிப்புறத்தில் வைத்துச் சுட்டவை அளவில் பிறழ்ந்தன.

சூளையைத் திருத்தியமைப்பின் இடர் தீரும். ஆயின் அதற்குப் பெரும்பொருள் செலவாகும். கெனிச்சி தகுச்சி என்னும் அறிஞரின் வழியைப் பின்பற்றிய பொறியாளர்கள் வேறொரு வினாவை எழுப்பினர். வெப்பம் மாறினும் அளவு மாறாத ஓட்டினைத் தரும் கலவை ஒன்று உண்டோ?

கலவையில் மாற்றத்தக்கவை பல. சுண்ணாம்புக்கல் எவ்வளவு சேர்ப்பது, துகள் எத்துணை நுண்ணியதாதல் வேண்டும், பழைய கழிவினை எவ்வளவு கலப்பது என, இவ்வாறு ஏழு கூறுகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகளே வைப்பினும் 128 கலவைகள் ஆகும். அத்தனையும் சுட்டுப் பார்க்க எவரிடம் பொழுதுண்டு? ஒவ்வொரு கூறாக மாற்றிப் பார்ப்பதும் நன்றன்று. ஏனையவை மாறியவழி அம்முடிவு நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இளமையில் கணக்கு என்றாலே அஞ்சியவன் யான். எனினும் இங்குக் கணிதம் செய்யும் உதவி எனக்கும் விளங்கிற்று. எட்டுக் கலவைகளை மட்டும் தேர்ந்து ஓர் அட்டவணை வகுக்கலாம். ஒவ்வொரு கலவையின் ஓடுகளையும் சூளையின் நடுவிலும் ஓரத்திலும் வைத்துச் சுட்டு, அளவு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டனுள் நான்கில் சுண்ணாம்பு குறைவு, நான்கில் மிகுதி. அவ்விரு தொகுதியுள்ளும் பிற கூறு ஒவ்வொன்றும் தன் இரு நிலைகளிலும் இவ்விரு முறை வரும். ஆகவே தொகுதிகளின் சராசரியை ஒப்பிடுங்கால், பிறவற்றின் விளைவு இருபுறமும் சமமாகி நீங்க, சுண்ணாம்பின் விளைவே எஞ்சி நிற்கும். அதே எட்டுச் சோதனைகள் ஏனைய ஆறு கூறுகளுக்கும் விடை தரும்.

இம்முறைக்கு வித்திட்டவர் ரொனால்டு பிஷர். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919 முதல் பணியாற்றியவர் அவர். இத்தகைய அட்டவணைகளின் கணிதத்தை நம் நாட்டு அறிஞர் சி. ஆர். ராவ் 1940களில் விரித்துரைத்தார். தகுச்சியும் 1954இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து தங்கினார்.

இனா தொழிற்சாலையில் சுண்ணாம்புக்கல்லை நூற்றுக்கு 1 பங்கிலிருந்து 5 பங்காக உயர்த்தினர். நூற்றுக்கு 30 அளவிலிருந்த கழிவு ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. சூளையை எவரும் தொடவில்லை. சுண்ணாம்புக்கல்லோ விலை மலிந்த பொருள்.

எனினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. இரு கூறுகள் கூடியவிடத்துப் புதிதாய்ப் பிறக்கும் விளைவை அவ்வெட்டுச் சோதனைகள் தனியே பிரித்துக் காட்டா. ஆதலின் அட்டவணை காட்டிய கலவையை மீண்டும் ஒருமுறை சூளையிலிட்டு, ஓடுகளை அளந்து பார்த்த பின்னரே தொழிலில் கைக்கொள்வர்.