சிபிலிஸ்: பரிசோதனைக்கு வருபவர் யார்?

பன்னிரண்டாம் வகுப்பில் பால்வினை நோய்கள் பகுதி வந்ததும், "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். வகுப்பில் வைத்த கேள்விப் பெட்டியில் பெயரில்லாத ஒரு சீட்டு கிடைத்தபின் அதை மாற்றிக்கொண்டேன். "வலியில்லாத புண் தானே ஆறிவிட்டால் நோய் போய்விட்டதா?" என்பதே கேள்வி.

போகவில்லை என்பதே விடை. மேகப்புண் எனப்படும் சிபிலிஸ், டிரிபோனீமா பாலிடம் என்னும் பாக்டீரியாவால் வருகிறது. தொற்றிய 10 முதல் 90 நாள்களுக்குள் வலியில்லாத புண் தோன்றி, சில வாரங்களில் தானே ஆறிவிடும். பிறகு உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்புகள் வரலாம். அவையும் மறையும். அடுத்து அறிகுறியே இல்லாத மறைநிலை. சிகிச்சை பெறாதவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயம், மூளை, நரம்புகள் பாதிக்கப்படும்.

ஆகவே பரிசோதனை மையத்திற்குப் புண்ணோடு வருபவர்கள் ஒரு பகுதியினரே. துணைவருக்கு நோய் உறுதியானதால் வருபவர், கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் தெரிய வந்தவர், ரத்ததானம் செய்தபோது கண்டறியப்பட்டவர் ஆகியோரும் அங்கே இருப்பார்கள். பெண்களுக்குப் புண் உடலின் உட்புறத்தில் இருந்தால் கண்ணில் படாது. அதனால் அவர்கள் மறைநிலையில்தான் கண்டறியப்படும் வாய்ப்பு அதிகம். "இவர்களைப் பார்த்தாலே தெரியும்" என்பது தவறு.

இங்கே கணக்கு ஆசிரியரும் கைகொடுக்கலாம். நூலகத்திற்கு வரும் மாணவர்களை மட்டும் எண்ணிப் பள்ளி முழுவதன் வாசிப்புப் பழக்கத்தைச் சொல்ல முடியுமா? மையத்தின் பதிவேடும் அப்படியே. அது வந்தவர்களைக் காட்டும். கூச்சத்தால் வராதவர்களைக் காட்டாது.

வகுப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டியவை:

• தட்டு, துண்டு, கழிப்பறை இருக்கை வழியாக இது பரவாது.

• வி.டி.ஆர்.எல். போன்ற ரத்தப் பரிசோதனைகளால் கண்டறியலாம்.

• தொடக்க நிலையில் பென்சாத்தின் பென்சிலின் ஊசி ஒரு தவணையே பொதுவாகப் போதும். துணைவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் தேவை.

• ஒருமுறை குணமானாலும் மீண்டும் தொற்றலாம்.

• கர்ப்பிணிக்குச் சிகிச்சை தராவிட்டால் குழந்தை இறந்து பிறக்கலாம், நோயோடும் பிறக்கலாம்.

சீட்டு எழுதியவர் யார் என்று நான் தேடவில்லை. விடையை வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். இலவச ஆலோசனைக்கான 1097 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். தனியாகப் பேச விரும்புபவர் என்னிடம் வரலாம் என்றும் சொன்னேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. 1098 உதவி எண்ணும் உண்டு. ஆனால் அந்தச் செய்தி ஆசிரியர் அறையின் பேச்சாகிவிடக் கூடாது. அப்படி ஆனால் அடுத்த குழந்தை வாய் திறக்காது. கேள்விப் பெட்டியும் காலியாகவே இருக்கும்.