கடைமடையில் விவசாயம் தொடங்கும் தம்பிமாருக்கு

1. முதலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். ஏழும் எடுத்தது போக மிஞ்சுவதுதான் எட்டாவதான ஸ்ரீவைகுண்டத்துக்கு வரும். அங்கிருந்து தூத்துக்குடிப் பக்கம் குடிநீருக்கும் பங்கு உண்டு. அதன் பிறகுதான் வடகால் வழியாக நம் கொற்கைக் குளம். பாபநாசத்தில் 143 அடி, மணிமுத்தாறில் 118 அடி என்பது முழு நீர்மட்டம். நாற்றுப் பாவும் முன் அன்றைய மட்டம் என்ன என்று பாருங்கள். பிசான சாகுபடியை ஓரளவு நம்பலாம். கார் சாகுபடியை அணை நிலவரம் தெரியாமல் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

2. ஆற்றுத் தண்ணீர் மலிவு, அதை வயலுக்குக் கொண்டுவருவதில்தான் செலவு. அமலைச்செடி அடைத்த வாய்க்காலைத் துப்புரவாக்க ஆள்கூலி, வரப்பு வெட்டக் கூலி, முறை தவறினால் வாடகை எஞ்சினும் டீசலும். 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம்தான், ஆனால் புது இணைப்புக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். அதுவரை டீசல் செலவு நம் தலையில்தான். விதை, உரக் கணக்குக்கு முன்னால் இந்தக் கணக்கை எழுதுங்கள்.

3. கிணறோ போரோ போடுமுன் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பைப் பாருங்கள். பாண்டியர் காலத்தில் கடல் கொற்கை வாசலில் இருந்தது. உவர்த் தண்ணீரை நாற்றும் தாங்காது, பூக்கும் பயிரும் தாங்காது, வாழையும் தாங்காது.

4. ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிறுத்த ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் கட்டி நிற்கத் தேவையில்லை. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில் காய விடாதீர்கள்.

5. இராத்திரியில் அடுத்தவர் மடையைத் திறக்காதீர்கள்.

6. வெள்ளமும் பாசனச் செலவுதான். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் இந்தப் பக்கம் குளங்கள் உடைந்து பயிரெல்லாம் போனது. வயலில் ஏறிய மணலை அள்ளுவதற்கே பணம் வேண்டியிருந்தது. ஐப்பசிக்கு முன்பே கரையைச் சுற்றி நடந்து, மறுகாலையும் மடைப் பலகையையும் பார்த்துவிடுங்கள். பழுது கண்டால் ஊரைக் கூட்டி, நீர்வளத் துறைக்கு எழுதிக் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

7. வாழை போடுகிறவர்கள் சொட்டுநீருக்கு விண்ணப்பியுங்கள். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் முழு மானியம். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எடுத்துப் போங்கள். போட்ட பிறகு ஃபில்டரை அடிக்கடி கழுவுங்கள், வண்டல் அடைத்தால் வரிசைக் கடைசி வாழை வாடிய பிறகுதான் தெரியவரும்.