விமானப் பணிப்பெண்ணும் மது விதிகளும்

விமானப் பணிப்பெண் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது மடிப்புக் கலையாத புடவையும், புன்னகையும், மிட்டாய்த் தட்டும்தான். பள்ளிப் படிப்பை முடித்ததும் அவ்வேலைக்கே போவேன் என்று சொல்லும் மாணவி ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தியாவது இருக்கிறாள். "மது ஊற்றிக் கொடுக்கும் வேலைக்கா என் பெண்ணை அனுப்புவேன்?" என்று முகம் சுளிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்த மதுவைப் பற்றி விமானத்தில் என்னென்ன விதிகள் உள்ளன, தாம் கண்டதை மேலிடத்திற்கு எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பவற்றை இரு சாராரும் அறிந்துகொள்ளுதல் நலம்.

1930ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அமெரிக்காவில் எலன் சர்ச் என்பவர் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவர் ஒரு செவிலியர். அவரோடு சேர்க்கப்பட்ட மற்றப் பெண்களும் செவிலியரே. பயணிகளின் உயிரையும் நலத்தையும் காப்பதற்கென்றே இப்பணி தோன்றியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. காப்பி கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் பணியாளர்க்குரிய விதியைப் பார்ப்போம். நம் நாட்டில், விமானம் புறப்படுவதற்கு முந்திய பன்னிரண்டு மணி நேரத்தில் விமானியோ பணிப்பெண்ணோ மது அருந்தியிருக்கக் கூடாது. வேலைக்கு வந்ததும் ஒரு கருவியில் வாயால் ஊதிக் காட்ட வேண்டும். கருவி சுழியத்தையே காட்ட வேண்டும். 'கொஞ்சம்தான்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. சோதனை முழுவதும் படமாகப் பதிவு செய்யப்படுகிறது. மது இருப்பதாகத் தெரிந்தால் சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். இரண்டாம் முறையும் அவ்வாறே காட்டினால் முதல் தவறுக்கு மூன்று மாதம் பறக்கத் தடை. மறுபடி அகப்பட்டால் மூன்று ஆண்டு. சோதனைக்கு வர மறுத்தாலும் தண்டனை உண்டு. சாராயச் சத்துள்ள வாய் கொப்பளிக்கும் மருந்தைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று 2023இல் விதி வந்தது. சில இருமல் மருந்துகளிலும் அச்சத்து உண்டு. ஆகவே சளி பிடித்தால் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டு அவர்கள் வேலைக்குப் போக முடியாது.

மற்ற நாடுகளில் அளவு சற்று வேறுபடும். அமெரிக்காவில் எட்டு மணி நேரம் என்பது சட்டம். இங்கிலாந்தில் கார் ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை சாராயச் சத்து இருக்கலாம். விமானப் பணியாளருக்கோ 20 மில்லிகிராம்தான் எல்லை. பணிப்பெண்களுக்கும் இதே கணக்கு.

கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் பரிமாறப்பட்டதே என்று கேட்கும் தோழியரும் நம்மிடையே உண்டு. மது பாவமா அன்றா என்ற ஆராய்ச்சிக்குள் விமான விதி புகுவதில்லை. தீப்பிடித்த விமானத்திலிருந்து ஒன்றரை நிமிடத்திற்குள் அத்தனை பேரையும் வெளியேற்றப் பயிற்சி பெற்றவளின் கையும் கண்ணும் தெளிவாக இருக்கின்றனவா என்பது ஒன்றே அதற்கு வேண்டுவது.

அடுத்து, பயணிகளைப் பற்றிய விதி. நம் நாட்டிற்குள்ளேயே பறக்கும் விமானங்களில் மது வழங்கப்படுவதில்லை. வெளிநாட்டு விமானங்களில் உண்டு. ஆனால் பணிப்பெண் ஊற்றிக் கொடுத்ததைத் தவிர, பயணி தாம் கொண்டுவந்த புட்டியைத் திறந்து குடித்தல் ஆகாது. தள்ளாடும் நிலையில் இருப்பவருக்கு மேலும் கொடுப்பதும் ஆகாது. உயரே பறக்கும் விமானத்திற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டியில் இருப்பது போன்றே இருக்கும். அங்கே இரத்தத்தில் பிராணவாயு சற்றுக் குறைகிறது. அதோடு மதுவும் சேர்ந்தால் உடல் மேலும் தளர்கிறது. "போதும் ஐயா" என்று மரியாதையாக மறுக்கத் தெரிந்திருப்பது ஊற்றிக் கொடுப்பதைக் காட்டிலும் கடினமான வேலை என்பது நம் கருத்து.

இனி, கண்டதைத் தெரிவிக்கும் கடமை. 1977 ஜனவரி 13 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், மாடுகளை ஏற்றிய ஜப்பான் சரக்கு விமானம் ஒன்று புறப்பட்டதும் விழுந்து, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். தலைமை விமானி மிகுந்த போதையில் இருந்தார். அவரை ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநர் இதைக் கவனித்துத் தம் அலுவலகத்திற்குச் சொன்னார். அங்கிருந்து விமான நிலையத்திற்கும் செய்தி போயிற்று. ஆயினும் விமானத்தை யாரும் நிறுத்தவில்லை. உடனிருந்த விமானிகள் தம் தலைவரைத் தடுக்கத் தவறியதும் விபத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணையில் கூறப்பட்டது. விமானத்தோடு தொடர்பே இல்லாத கார் ஓட்டுநர் வாய் திறந்தார். அருகில் அமர்ந்தவர்கள் திறக்கவில்லை!

மௌனத்தின் விலையைக் காட்ட மது சம்பந்தமில்லாத ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் என்ற ஊரில், இறக்கைகளில் பனி படிந்த நிலையில் ஒரு பயணிகள் விமானம் புறப்பட்டது. உள்ளேயிருந்து அதைக் கண்டவர்கள் உண்டு. பணிப்பெண்ணும் கண்டார். விமானிகளுக்குத் தெரியாததா, நாம் சொல்வதா என்ற தயக்கம் அங்கே நிலவியது. 69 பேரில் 24 பேர் இறந்தனர். விமானிகளும் பணிப்பெண்களும் ஒரே குழுவாகப் பயிற்சி பெற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற இவ்விபத்தும் ஒரு காரணமாயிற்று.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டில்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில், போதையிலிருந்த ஆண் பயணி ஒருவர் வயது முதிர்ந்த பெண்மணியிடம் மிக அருவருப்பாக நடந்துகொண்டதாகப் புகார் எழுந்தது. இருவரும் சமாதானமாகிவிட்டனர் என்று எண்ணியதால் காவல் துறையை அழைக்கவில்லை என்று நிறுவனம் கூறிற்று. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் கவனத்திற்கு இது 2023 ஜனவரி 4 அன்றுதான் வந்தது. நிறுவனத்திற்கு முப்பது இலட்சம் ரூபாய் அபராதம். தலைமை விமானியின் உரிமம் மூன்று மாதம் நிறுத்திவைப்பு. சமாதானம் செய்து வைப்பது நல்ல குணம்தான். ஆனால் துன்புற்றவரின் குறையை மூடி வைப்பதற்கு அப்பெயரைச் சூட்டலாமா?

அத்தகைய வேளையில் பணிப்பெண் செய்ய வேண்டியது இதுவே: முதலில் வாய்ச்சொல்லால் எச்சரித்து, தலைமை விமானிக்கு உடனே அறிவித்து, துன்புற்றவரை வேறிடத்தில் அமர்த்திப் பாதுகாக்க வேண்டும். மற்ற வழியெல்லாம் பயனற்றுப் போனால் மட்டுமே, விமானியின் ஆணைப்படி, அந்தப் பயணியைக் கட்டி வைக்கலாம். தரையிறங்கியதும் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பிறகு அறிக்கை. 'அவர் குடிகாரர்' என்று எழுதினால் அது அபிப்பிராயம். 'இத்தனை மணிக்கு, இந்த எண்ணுள்ள இருக்கையில் இருந்தவர், நான்காம் முறை மது கேட்டார், பேச்சுக் குழறியது, எழுந்தபோது இருக்கையைப் பிடித்துக்கொண்டார், கண்டவர்கள் இன்னார்' என்று எழுதினால் அது சாட்சியம். நாம் கட்டுரை வகுப்பில் கற்கும் தெளிவு அங்கே ஒருவருக்கு நீதி கிடைக்க உதவும். இதற்கு அவகாசமும் மிகுதியில்லை. விமான நிறுவனம் இத்தகைய சம்பவத்தை இயக்குநரகத்திற்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும். விமானம் தரையைத் தொட்ட நேரத்திலிருந்தே அது எண்ணப்படுகிறது.