ஐந்து எழுத்து, இருபது ஓசை

நமது டிரஸ்டின் மாலை வகுப்பில் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தபோது, எந்த ஊரில் வசிக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டோம். பி.காம். முடித்த பிள்ளை ஒருவர் 'லிவ்' என்பதை 'லீவ்' என்று நீட்டிவிட்டார். வசிக்கிறேன் என்று சொல்ல வந்தவர், கிளம்புகிறேன் என்று சொன்னதாக ஆயிற்று. மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் அழைத்து வந்தோம்.

குறை அவரிடம் இல்லை. உயிர் ஓசையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மக்தபில் ஓதும் நம் சிறுவர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. ஜபர், ஜேர், பேஷ் படித்த கையோடு மத்தும் படிக்கிறார்கள். 'கதப' என்றால் எழுதினான். 'காதப' என்று நீட்டினால் ஒருவரோடு கடிதப் போக்குவரத்து வைத்தான். அங்கே காட்டும் கவனத்தை ஆங்கிலத்திலும் காட்டினால் போதும்.

ஆனால் ஆங்கிலத்தில் சிக்கல் அதிகம். தமிழில் 12 உயிர், 12 எழுத்து. அரபியில் எ, ஒ ஓசைகளுக்குக் குறி இல்லாததால், அரபுத்தமிழ் எழுதிய நம் முன்னோர்கள் புதுக் குறிகளையே சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் அப்படிச் செய்யவில்லை. ஏறக்குறைய 20 உயிர் ஓசைகளை ஐந்து எழுத்துகளில் அடக்கி வைத்திருக்கிறார்கள். 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது. நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போனது. இன்றைய 'நேம்' ஒரு காலத்தில் 'நாமெ' போல ஒலித்த சொல். அந்தக் கடைசி 'ஈ' எழுத்து இன்று ஒலிப்பதில்லை, ஆனாலும் வேலை செய்கிறது: 'கிட்' என்பதன் கடைசியில் அதைச் சேர்த்தால் 'கைட்', 'ஹாப்' என்பதில் சேர்த்தால் 'ஹோப்'. 'கட்', 'புட்' இரண்டிலும் நடுவில் ஒரே 'யூ' எழுத்துத்தான் என்பதற்கு நாமும் சமாதானம் சொல்ல முடியாது. கேட்டுத்தான் பழக வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தவறுவது மெலிந்த 'அ'வில். 'பனானா'வில் மூன்று 'ஏ' எழுத்து. நடுவில் உள்ளது மட்டும் நீண்டு அழுத்தமாக ஒலிக்கும், மற்ற இரண்டும் வாய் திறந்தும் திறக்காமலும் நழுவும். மூன்றையும் ஒரே கனத்தில் சொன்னால் கேட்பவருக்குப் புரியாது.

நல்ல அகராதியில் சொல்லின் பக்கத்தில் ஒலிக்குறி இருக்கும். அதில் இரண்டு புள்ளி போன்ற குறியைக் கண்டால், நம் மத்து என்று நினைத்து நீட்டுங்கள். ஷிப்–ஷீப், ஃபுல்–ஃபூல், சிட்–சீட் என இணை இணையாகப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் போதும். ஆங்கிலம் தெரியாத தாய்மாரும் கேட்கலாம். நெடிலும் குறிலும் அவர்களுக்குத் தெரியாததா?