ரீமாஸ்டர் ஆல்பம் வாங்கலாமா? கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலரும் முதலில் செய்யும் வேலை பாட்டுக் கேட்பது. ஆங்கில ராக் இசை பிடித்தவர் என்றால் 'ரீமாஸ்டர்டு' என்ற சொல் அடிக்கடி உங்கள் கண்ணில் படும். 1960களிலும் 70களிலும் வெளிவந்த ஆல்பங்களுக்குப் புதிய அட்டை போட்டு, இந்தச் சொல்லையும் அச்சிட்டு மறுபடியும் விற்கிறார்கள். ஏற்கனவே நம்மிடம் உள்ள ஆல்பத்துக்கு இன்னொரு முறை பணம் கொடுக்கலாமா?

நானும் அப்படி ஒரு ஆல்பத்தை இரண்டாவது முறை வாங்கினேன். போட்டவுடன் அசந்துபோனேன். கிடார் அறை முழுவதும் நிறைந்தது. டிரம்ஸ் பக்கத்திலேயே அடிப்பது போல இருந்தது. ஆனால் மூன்றாவது பாட்டு முடிவதற்குள் சத்தத்தைக் குறைத்தேன். ஐந்தாவது பாட்டில் நிறுத்தியே விட்டேன். பல வருடங்களாக முதலிலிருந்து கடைசி வரை கேட்டு வந்த ஆல்பம் அது. பழைய சிடியையும் புதிய சிடியையும் கம்ப்யூட்டரில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். பணம் எதுவும் செலவில்லை.

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு

முதலில் இந்த இரண்டு சொற்களையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டூடியோவில் குரல், கிடார், டிரம்ஸ் போன்றவற்றைத் தனித்தனி டிராக்குகளில் பதிவு செய்கிறார்கள். பிறகு எல்லாவற்றையும் தேவையான அளவில் கலந்து, இடது, வலது என்று இரண்டு சேனல்களாக்குகிறார்கள். இது மிக்ஸ். இப்படிக் கிடைக்கும் டேப்பை எல்.பி. தட்டுக்கோ சிடிக்கோ ஏற்றபடி ஒலி அளவைச் சரிசெய்து தயார் செய்வது மாஸ்டரிங்.

கலந்து முடித்த டேப்பை எடுத்து, மாஸ்டரிங் வேலையை மட்டும் மறுபடியும் செய்தால் அது ரீமாஸ்டர். தனித்தனி டிராக்குகளுக்கே போய்ப் புதிதாகக் கலந்தால் அது ரீமிக்ஸ். சமைத்த குழம்பில் உப்பு, புளி சரிபார்ப்பது ரீமாஸ்டர். காய்களை எடுத்து முதலிலிருந்து சமைப்பது ரீமிக்ஸ்.

பீட்டில்ஸ் குழுவின் ஆல்பங்களில் இரண்டுக்கும் உதாரணம் உண்டு. அவை 1987இல் முதன்முதலாக சிடியாக வந்தன. 2009இல் வந்தவை ரீமாஸ்டர்கள். 1966இல் வெளியான 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு 2022இல் வந்தது ரீமிக்ஸ். அந்தக் காலத்தில் நான்கு டிராக் மட்டுமே இருந்ததால் பல வாத்தியங்கள் ஒரே டிராக்கில் சேர்ந்திருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டர் மூலம் பிரித்தெடுத்த பிறகே புதிதாகக் கலந்தார்கள்.

சத்தம் செய்யும் தந்திரம்

சிடி 1982இல் விற்பனைக்கு வந்தது. ஒரு விநாடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைப்பதுதான் சிடி. இந்த எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் ஒரு துளி சத்தம்கூட ஏற்ற முடியாது.

பிறகு எப்படிச் சில சிடிகள் மற்றவற்றைவிடச் சத்தமாக ஒலிக்கின்றன? டிரம் அடி போன்ற உயரமான முனைகளை லிமிட்டர் என்ற கருவியால் அமுக்குகிறார்கள். மேலே இடம் கிடைக்கிறது. உடனே மொத்தப் பாட்டையும் தூக்கி அந்த உச்சவரம்பில் முட்ட வைக்கிறார்கள். மெதுவான இடமும் சத்தமான இடமும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அடி விழும்போது வரும் அதிர்ச்சி போய்விடும். என் காது களைத்துப்போனது இதனால்தான்.

நம் காதுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரே பாட்டைச் சற்றுக் கூடுதல் சத்தத்தில் கேட்டால், அதுதான் தரமானது என்று நினைத்துவிடும். கடையில் முப்பது விநாடி கேட்டுவிட்டு நாம் ஏமாறுவது இங்கேதான்.

இதற்குப் பெயர்போன உதாரணம், ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்'. 1973இல் வெளியான இந்த ஆல்பத்தின் பெரும்பகுதியை மிக்ஸ் செய்தவர் டேவிட் போவி. 1997இல் குழுவின் பாடகர் இக்கி பாப் அதை மிக மிகச் சத்தமாக ரீமிக்ஸ் செய்தார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 2010இல் போவியின் பழைய மிக்ஸை மறுபடியும் சிடியில் வெளியிட்டார்கள்.

நல்ல ரீமாஸ்டர்களும் உண்டு

எல்லா ரீமாஸ்டரும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். ஆரம்ப காலச் சிடிகள் சில, மூல டேப்பிலிருந்து எடுக்காமல் நகலிலிருந்து எடுக்கப்பட்டவை. டேப்பை நகல் எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், தெளிவு குறையும். டேப் ஒலியை எண்களாக மாற்றும் கருவிகளும் பிற்காலத்தில் நன்றாக முன்னேறின. மூல டேப்பைத் தேடி எடுத்துப் பொறுமையாக வேலை செய்தால் பலன் நிச்சயம் தெரியும்.

பீட்டில்ஸின் 2009 ரீமாஸ்டர்களுக்கு லண்டன் அபே ரோட் ஸ்டூடியோவில் நான்கு வருடம் வேலை நடந்தது. மொத்தம் 525 நிமிட இசையில், இரைச்சல் நீக்கும் மென்பொருளை ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பகுதியில்தான் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டு வந்த மோனோ தொகுப்பில் லிமிட்டரே போடவில்லை.

மாறாக, டயர் ஸ்ட்ரைட்ஸ் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' போன்ற ஆல்பத்துக்கு ரீமாஸ்டரால் பெரிதாகச் செய்ய எதுவும் இல்லை. அது 1985இலேயே டிஜிட்டலில் பதிவாகி, நல்ல சிடியாக வெளிவந்தது.

சோதனை செய்வது எப்படி?

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். பழைய, புதிய சிடிகள் இரண்டும் கையில் இருக்க வேண்டும். புதியதை நண்பரிடம் இரவல் வாங்கலாம். கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் கிடைக்கிறது.

1. இரண்டு சிடியிலிருந்தும் ஒரே பாட்டை விண்டோஸ் மீடியா பிளேயரில் 'ரிப்' செய்யுங்கள். அதற்கு முன் 'ரிப் செட்டிங்ஸ்' சென்று, ஃபார்மட் என்ற இடத்தில் 'வேவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எம்பி3 வேண்டாம். அது ஒலியின் ஒரு பகுதியை நீக்கிவிடும்.

2. ஆடாசிட்டியில் ஃபைல் மெனுவில் 'இம்போர்ட்' கொடுத்து இரண்டு பாட்டையும் திறங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு அலைப் படங்கள் தெரியும்.

3. படத்தைக் கவனியுங்கள். முனைகள் சீப்புப் பல் போல ஏறி இறங்கினால் ஏற்ற இறக்கம் உயிரோடு இருக்கிறது. மேலும் கீழும் வெட்டிவிட்ட செங்கல் போல இருந்தால் நன்றாக அமுக்கியிருக்கிறார்கள்.

4. முதல் டிராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' கொடுங்கள். அதில் உள்ள மைனஸ் 23 என்ற அளவை மாற்றாமல் 'அப்ளை' செய்யுங்கள். இரண்டாவது டிராக்குக்கும் இதையே செய்யுங்கள். இப்போது இரண்டும் காதுக்கு ஒரே சத்தம். செங்கல் போல இருந்தது எவ்வளவு ஒல்லியாகிவிட்டது பாருங்கள்!

5. ஸ்பீக்கர் சத்தத்தைத் தேவையான அளவு கூட்டிக்கொள்ளுங்கள். ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு டிராக்கில் 'சோலோ' பட்டனை அழுத்திக் கேளுங்கள். அதை எடுத்துவிட்டு மற்றதில் அழுத்துங்கள்.

6. கடைசியாக, நீங்கள் திரையைப் பார்க்காமல் திரும்பி உட்காருங்கள். வீட்டில் ஒருவரை டிராக்கை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று பத்து முறை குறித்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டாம். சிடியில் உள்ள பாட்டும், நீங்கள் ரிப் செய்த ஃபைலும் அப்படியே இருக்கும்.

என் மகனை உட்கார வைத்து இந்தச் சோதனையைச் செய்தேன். நான் பணம் கொடுத்து வாங்கிய ரீமாஸ்டரைத் தேர்ந்தெடுத்தது இரண்டே முறைதான். எட்டு முறை பழைய சிடியையே கை காட்டினேன். பீட்டில்ஸின் 'அபே ரோட்' ஆல்பத்தில் இது தலைகீழாக நடந்தது. 2009 பதிப்பு சுலபமாக ஜெயித்தது.

எப்போது வாங்கலாம்?

மூல டேப்பிலிருந்து எடுத்தது என்றும், மாஸ்டரிங் செய்தவர் யார் என்றும் அட்டையில் விவரம் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். லெட் செப்பெலின் ஆல்பங்களை 2014இலும் 2015இலும் மறுபடி வெளியிட்டபோது, கிடார் கலைஞர் ஜிம்மி பேஜே மேற்பார்வை பார்த்தார். வெளிவராத பதிவுகள் அடங்கிய கூடுதல் டிஸ்க்கும் கிடைத்தது. இப்படிப் புதிதாக ஏதாவது இருந்தால் பணத்துக்கு மதிப்பு உண்டு.

ஸ்ட்ரீமிங் சேவைகளில் பல ரீமாஸ்டர்களை வாங்காமலே கேட்டுப் பார்க்கலாம். செட்டிங்ஸில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிட்டுக் கேளுங்கள். ஒரு பாட்டோடு நிறுத்தாமல் முழு ஆல்பத்தையும் கேளுங்கள். பாதியில் சத்தத்தைக் குறைக்கத் தோன்றினால் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. புதியது வந்துவிட்டது என்று பழைய சிடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான் அந்த ஆல்பத்தை இன்றும் கடைசிப் பாட்டு வரை கேட்கிறேன்.